கம்பி எட்டாத வீடுகள்

நம் நாட்டில் வீட்டு இணையத்தின் வரலாறு தொலைபேசிக் கம்பியோடு தொடங்கியதாகும். 1992இல் மிமோஸ் தொடங்கிய ஜாரிங் சேவையைப் பெறக் கணினி மட்டும் போதவில்லை. தொலைபேசிக் கம்பியும், கணினியின் எண்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பிவழி அனுப்பும் மோடமும் வேண்டியிருந்தன. ஜொகூரின் நகரங்களுக்கு இவை எளிதில் கிட்டின. குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் உள்ளடங்கிய ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் நிலை வேறு. அங்குத் தொலைவு மிகுதி, வீடுகளோ சில.

இத்தடையைத் தாண்ட உதவியது கைத்தொலைபேசி. 2005இல் மூன்றாந் தலைமுறைச் சேவை மலேசியாவிற்கு வந்தது. 2010இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2, கைத்தொலைபேசியையே மோடமாக்குவதை எளிதாக்கியது. கோபுரத்திலிருந்து வரும் அலையைக் கைத்தொலைபேசி ஏற்று, வடத்தின் வழியாகவோ வைஃபை வழியாகவோ கணினிக்கு வழங்கலாயிற்று.

இவ்வசதியின் அருமையையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்திய ஆண்டு 2020. மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது, பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்திற்கு மாறின. கல்வியமைச்சின் ஆய்வில் இடம்பெற்ற மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் கருவி எதுவுமே இல்லை. ஒரே கைத்தொலைபேசி உள்ள வீட்டிலோ, தந்தை வேலைக்குப் புறப்பட்டால் இணையமும் அவருடன் புறப்பட்டது.

குடிநீரும் மின்சாரமும் போல நிலையான இணைப்பும் வீட்டிற்குரிய அடிப்படைத் தேவை என்பதே அவ்வாண்டு நமக்குப் புகட்டிய பாடமாகும்.