பத்து மணி நேரம் போதுமா?

லைசென்ஸ் வாங்குவதற்கு முன் எத்தனை நாள் வண்டி பழக வேண்டும்? திருவக்கரை டீக்கடையில் கேட்டால், "ஒரு வாரம் போதும் சார், ஸ்டீயரிங் கைக்கு வந்துவிட்டால் முடிந்தது" என்பார்கள். சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் லைசென்ஸுக்கு 'பெர்மி' என்று பெயர். அனுமதி என்று பொருள். நாம் 'உரிமம்' என்கிறோம், அதனால் உரிமை என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாரிஸ் நகரக் காவல்துறை 1893-லேயே வண்டி ஓட்டுபவரிடம் திறமைச் சான்று கேட்டது. 1899-ல் அது பிரான்ஸ் முழுவதற்கும் வந்தது. 1922-ல் 'பெர்மி' ஆயிற்று. இன்று அங்கே பயிற்சிப் பள்ளி வழியாகப் போகிறவர் கியர் வண்டியில் குறைந்தது 20 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும்.

நம் நாட்டின் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1939 சட்டத்தில், தேர்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது. எத்தனை மணி நேரம் பழகியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் லாரியில் கிளீனராக ஏறிய பையன், டிரைவர் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து சாலையைப் பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொடுவான். அதுவே பெரிய பள்ளிக்கூடம்.

இப்போதுள்ள 1988 சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆகாமல் தேர்வுக்குப் போக முடியாது. அது 6 மாதம் செல்லும். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால், சொந்தக் காருக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது ஓட்ட வேண்டும். லாரி, பஸ் என்றால் 30 நாள், 15 மணி நேரம்.

காலமெல்லாம் குமாஸ்தாவாக விதிப் புத்தகம் புரட்டியவன் என்பதால் ஒன்று கண்ணில் படுகிறது. இந்த 10 மணி நேரம் பயிற்சிப் பள்ளியைத்தான் கட்டுப்படுத்தும். வீட்டில் அண்ணனிடம் கார் பழகுகிறவருக்கு மணிக்கணக்கே கிடையாது. எல்.எல்.ஆர். பீரோவில் தூங்கினாலும் 30 நாள் ஓடிவிடும். பள்ளியில் சேர்ந்தாலும், 10 மணியை 21 நாளுக்குப் பங்கு போட்டால் நாளைக்கு அரை மணிகூடத் தேறாது.

அரசும் இதை உணர்ந்திருக்க வேண்டும். 2021 ஜூலை 1 முதல், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குத் தனி விதி வந்தது. அங்கே காருக்கு 29 மணி நேரம்: 8 மணி வகுப்பு, 21 மணி ஓட்டுதல். கிராமச் சாலை, நெடுஞ்சாலை, நகரச் சாலை, ரிவர்ஸ், மேடு இறக்கம் எல்லாம் அதில் அடக்கம். அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டிக் காட்டும் தேர்வு கிடையாது. பத்து இருபத்தொன்று ஆனதே பதில் சொல்லிவிடுகிறது.

நம் ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். கல் குவாரியிலிருந்து வரும் டிப்பர் லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர், சாலையில் காயும் தானியம், பௌர்ணமி இரவில் வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம். தேர்வு மைதானத்தில் இவை எதுவும் குறுக்கே வராது.

என் கணக்கு இதுதான். பத்து மணி நேரம் தேர்வில் தேற உதவும். அதற்கு மேல், பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார, இன்னொரு இருபது மணி நேரம் ஓட்டட்டும். அதில் கொஞ்சம் இரவிலும், கொஞ்சம் மழையிலும், கொஞ்சம் திண்டிவனம் நெடுஞ்சாலையிலும் இருக்கட்டும். பேரனோ பேத்தியோ எல்.எல்.ஆர். வாங்கி வந்தால், தேர்வுத் தேதி எப்போது என்று கேட்பதற்கு முன், இதுவரை எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பெரியவர்களான நம் பொறுப்பு.