ஜாம் போத்தல் விளக்கு

1990 ஜூனில் இலங்கையில் போர் மீண்டும் தொடங்கியது. அரசின் பொருளாதாரத் தடை, வடக்கிலிருக்கும் எங்கள் வன்னிக்குள் வரவிடாத பொருள்கள் பல. எங்கள் வீட்டை அதிகம் வாட்டியவை மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும். போரைப் பற்றி எழுதுகிறவர்கள் களங்களை எழுதுகிறார்கள். எனக்கு அம்மாவின் விளக்குத்தான் முக்கியம்.

வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவார். சைக்கிள் வால்வுக்குள் நூல்திரியைக் கோத்து, கம்பியில் தொங்கவிட்டுப் பஞ்சில் முட்டவைப்பார். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும், காற்றுக்கு அணையாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் பல மணிநேரம் நின்றுபிடிக்கும். திரி கொஞ்சம் உயர்ந்தால் கண்ணாடி கரிபிடித்துவிடும்; விடிந்ததும் அதைச் சாம்பலால் துலக்குவது என் வேலை. அந்த வெளிச்சத்தில்தான் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தேன்.

செத்த பற்றரிகளை வெயிலில் காயவைப்போம். அதுவும் கைவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பேசும். செய்தியின் நடுவில் அவன் கை சோர்ந்தால் குரலும் மங்கிவிடும். சவர்க்காரத்துக்குப் பதிலாகத் துணி வெளுக்கப் பனம்பழம் இருந்தது.

வன்னியில் தொலைபேசி இல்லாததால், கனடாவிலிருந்த மாமாவோடு பேச, பயண அனுமதிக்கான பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போகவேண்டியிருந்தது. 2002 ஏப்ரலில், போரால் மூடியிருந்த ஏ9 பாதை திறந்தபின் கிளிநொச்சியில் தொலைபேசி நிலையங்கள் வந்தன. அம்மா முதல்முறை ரிசீவரைப் பிடித்தபோது, “தம்பி, சாப்பிட்டியா?” என்று மட்டும் மாமாவிடம் கேட்டார்.