திறந்த எலும்பு முறிவு: சிகிச்சையின் வரலாறு

முறிந்த எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாலும், வெளிக்காயம் முறிவு வரை ஆழமாக இறங்கினாலும் அது திறந்த எலும்பு முறிவு எனப்படும். முன்பக்கம் சதைப்பற்றே இல்லாமல் தோலை ஒட்டி இருக்கும் கீழ்க்கால் எலும்பில் இது அடிக்கடி நேர்கிறது. எலும்பு கூடுமா என்ற கவலை இங்கே பிறகுதான் வருகிறது. மண்ணும் கிருமியும் புகுந்த காயம் சீழ் பிடிக்காமல் காப்பதே முதல் வேலை. 150 ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி அந்த வேலையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்காயத்துக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கண்ட வழி, காலை வெட்டி எடுப்பது. தப்பியவர்களில் இருவர் மருத்துவர்களாகவே இருந்தனர். பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே 1561இல் குதிரை உதைத்துக் கால் முறிந்தும் காலை இழக்காமல் பிழைத்தார். லண்டனின் பெர்சிவல் பாட் 1756இல் குதிரையிலிருந்து விழுந்தார். கண்டபடி தூக்கினால் முறிவு மோசமாகும் என்று அறிந்திருந்ததால், தெருவில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கச் செய்து, அதன்மேல் படுத்து வீடு சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். காலை வெட்டக் கருவிகள் தயாராக இருந்தன. கடைசி நேரத்தில் வந்த அவருடைய ஆசிரியர் எட்வர்ட் நர்ஸ் காலைக் காப்பாற்றலாம் என்றார், கால் பிழைத்தது.

பிழைப்பதை அதிர்ஷ்டத்திடம் விடாமல் ஒரு முறையாக மாற்றியவர் ஜோசப் லிஸ்டர். காயம் அழுகுவதற்குக் காரணம் நுண்ணுயிர்களே என்று லூயி பாஸ்டரின் ஆய்வுகளிலிருந்து அவர் ஊகித்தார். 1865 ஆகஸ்ட் 12 அன்று கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்கு, வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஜேம்ஸ் கிரீன்லீஸ் கொண்டுவரப்பட்டான். சாக்கடை நாற்றத்தைப் போக்கப் பயன்பட்டுவந்த கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்து லிஸ்டர் காயத்தை மூடினார். ஆறு வாரங்களில் எலும்பு கூடியது, சீழ் வைக்கவில்லை. 1867இல் ‘லான்செட்’ இதழில் இப்படிப்பட்ட 11 நோயாளிகளின் விவரத்தை அவர் வெளியிட்டார். ஒருவர் இறந்தார், ஒருவர் காலை இழந்தார், மற்ற ஒன்பது பேரும் கால்களோடு குணமடைந்தனர். அறுவை மருத்துவம் முழுவதற்கும் கிருமிநீக்கத்தைத் தந்தது இந்தக் கால்முறிவு ஆராய்ச்சிதான்.

1898இல் ஜெர்மானியரான பவுல் பிரீட்ரிக், கினிப்பன்றிகளின் காயங்களில் அழுக்கைத் தடவி, ஆறு மணி நேரத்துக்குள் காயத்தின் ஓரங்களை வெட்டி நீக்கினால் அவை பிழைப்பதைக் கண்டார். உலகெங்கும் நூறாண்டு நிலைத்த ‘ஆறு மணி நேர’ விதியின் வேர் இதுவே. செத்த சதையை வெட்டி நீக்கும் பழக்கத்தை முதலாம் உலகப் போர் உறுதிப்படுத்தியது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பார்சிலோனாவின் ஜோசெப் த்ருயேத்தா காயத்தைக் கழுவி, செத்த சதையை நீக்கி, தைக்காமலே மாவுக்கட்டுப் போட்டார். இப்படிச் சிகிச்சை பெற்ற 1,073 பேரில் இறந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே என்று அவர் எழுதினார். ஆன்டிபயாடிக் புழக்கத்துக்கு வராத காலத்தில் இது பெருஞ்சாதனை.

ஆன்டிபயாடிக்கின் பயனை 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பட்சாகிஸ் குழுவினர் எண்களில் காட்டினர்: மருந்தே பெறாதவர்களில் 13.9 சதவீதத்தினருக்குத் தொற்று வந்தது. செஃபலோதின் என்ற ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 2.3 சதவீதம் மட்டும். 1976இல் ரமோன் குஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1,025 முறிவுகளை ஆராய்ந்து, காயத்தின் கடுமையை மூன்று வகைகளாகப் பிரித்தனர். 1984இல் மூன்றாம் வகை மேலும் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. எலும்பை மூடச் சதை போதாத ‘மூன்று பி’ வகையில் பாதிப் பேருக்கு மேல் தொற்று கண்டது. ஸ்லோவேனியாவின் மார்கோ கோடினா இதற்கு வழி காட்டினார். உடலின் வேறிடத்துச் சதையை அதன் ரத்தக்குழாய்களோடு எடுத்து 72 மணி நேரத்துக்குள் காயத்தை மூடினால் தொற்று 1.5 சதவீதம், தள்ளிப்போட்டால் 17.5 சதவீதம். 532 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை அச்சாகி வந்தபோது, 1986இல் நடந்த சாலை விபத்தில் அவர் இறந்திருந்தார்.

காலைக் காப்பாற்ற முயல்வதா, எடுத்துவிடுவதா என்று முடிவெடுக்க உதவும் மதிப்பெண் முறை ஒன்று கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் உருவானது. எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட அது தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, நோயாளியின் பிற உடல்நலக் குறைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலைக் காக்கலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுப்பதே பெரும்பாலும் நல்லது. இடைப்பட்டவற்றில் மருத்துவரின் அனுபவமே முடிவு செய்யும். குஸ்டிலோ வகைப்பாடு சொல்லாமல் விட்டதைச் சொல்வதால், இது அதைவிடப் பயனுள்ளது என்றே கருத வேண்டும்.

பழைய விதிகள் இப்போது ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. ஆறு மணி நேரக் கெடுவைப் பிந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆதரிக்கவில்லை; விரைவில் தரும் ஆன்டிபயாடிக்கும் முழுமையான சுத்திகரிப்புமே முக்கியம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. பல நாடுகளில் 2,447 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், சோப்புக் கரைசலால் கழுவியவர்களில் 14.8 சதவீதத்தினருக்கும், வெறும் உப்புநீரால் கழுவியவர்களில் 11.6 சதவீதத்தினருக்கும் மீண்டும் அறுவை தேவைப்பட்டது. நீரைப் பீய்ச்சும் அழுத்தத்தால் வேறுபாடு ஏதும் இல்லை.

விபத்து நடந்த இடத்தில் இருப்பவர்கள் வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ள முயல வேண்டாம். எண்ணெயோ மஞ்சளோ தடவவும் வேண்டாம். சுத்தமான துணியால் காயத்தை மூடி, கால் அசையாதபடி கட்டி, எலும்பியல் மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.