சிசிலியச் சோசலிசமும் மனித இயல்பும்

மனிதன் பிறவியிலேயே சுயநலக்காரனா, வாழும் நிலைமைதான் அவனை அப்படி ஆக்குகிறதா என்ற கேள்விக்குச் சோசலிசத்துக்குள் ஒரே விடை இருந்ததில்லை. மார்க்ஸ் 1845இல் ஃபாயர்பாக் குறித்து எழுதிய குறிப்புகளில், மனித சாரத்தைச் சமூக உறவுகளின் தொகுப்பாகக் கண்டார். அராஜகவாதியான குரோப்பொத்கின், கூடி வாழும் உணர்வு பரிணாமத்திலேயே ஊறி வந்தது என்று 1902இல் வெளிவந்த ‘பரஸ்பர உதவி’ நூலில் வாதிட்டார். இத்தாலியின் சிசிலித் தீவில் இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்கவில்லை. யார் சிறைக்குப் போவது என்பதுவரை அது எட்டியது.

தீவின் தலைநகரான பலேர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையம் 1886இல் திறக்கப்பட்டது. ரயில் வந்த பிறகும் உட்பகுதி விவசாயிகள் பெரும்பண்ணைகளிடமும் குத்தகை இடைத்தரகர்களிடமும் சிக்கியே கிடந்தார்கள். கந்தகச் சுரங்கங்களில் கனிமம் சுமந்த சிறுவர்களால், பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை வெளியேற முடியவில்லை. நம் ஊர்ப் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த நிலையில்தான் ‘ஃபாஷி’ என்ற உழைப்பாளர் சங்கங்கள் எழுந்தன. பிற்கால முசோலினியின் பாசிசத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. 1891 மே 1இல் கத்தானியாவில் தெ ஃபெலிச்சே ஜுஃப்ரிதாவும், 1892 ஜூன் 29இல் பலேர்மோவில் ரொசாரியோ கரிபால்டி போஸ்கோவும் சங்கம் தொடங்கினார்கள். பியானா தெய் கிரேச்சியில் மருத்துவர் நிக்கோலா பர்பாத்தோ தலைவரானார்.

1893இல் பியானாவுக்குச் சென்ற பத்திரிகையாளர் அதோல்ஃபோ ரோஸ்ஸி, தண்டனை பெற்றவர்களையும் சங்கத்தில் சேர்க்கிறீர்களாமே என்று கேட்டார். வறுமையால் கொஞ்சம் தானியம் திருடியவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களைத் திருத்தவே சேர்த்தோம் என்றார் ஒரு விவசாயப் பெண். மனிதன் மீண்டும் குற்றம் செய்யத் தேவையில்லாத நிலைமையை உண்டாக்குவதே சங்கத்தின் நோக்கம் என்று தலைவர் சொல்லியிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இயேசுவையே உண்மையான சோசலிஸ்டாக அந்த விவசாயிகள் எண்ணினார்கள். மனித இயல்பைப் பற்றி அன்றைய ஐரோப்பாவில் எழுதப்பட்ட பல நூல்களைவிட அந்தப் பெண்ணின் பதில் தெளிவானது.

1894 ஜனவரியில் பிரதமர் கிரிஸ்பி முற்றுகை நிலையை அறிவித்துச் சங்கங்களைக் கலைத்தார். ராணுவ நீதிமன்றம் தெ ஃபெலிச்சேவுக்கு 18 ஆண்டுகளும், போஸ்கோ, பர்பாத்தோ, கொர்லியோனேயின் பெர்னர்தீனோ வெர்ரோ ஆகியோருக்குத் தலா 12 ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதித்தது. 1896இல் பொதுமன்னிப்பில் விடுதலையானார்கள். வெர்ரோ 1915இல் மாஃபியாவால் கொல்லப்பட்டார்.

இந்த வரலாற்றில் கசப்பான ஒரு பகுதி உண்டு. குற்றம் மண்டையோட்டிலும் இரத்தத்திலும் இருக்கிறது என்று சொன்ன குற்றவியலாளர் லொம்ப்ரோசோவும், அவர் வழிவந்த என்ரிக்கோ ஃபெர்ரியும் சோசலிஸ்டுக் கட்சிக்காரர்களே. அதே போக்கில், சிசிலியில் பிறந்த அல்ஃப்ரேதோ நிச்சேஃபோரோ 1898இல் தென்னித்தாலியரைத் தாழ்ந்த இனமாகச் சித்திரித்து நூல் எழுதினார். என்னா நகரைச் சேர்ந்த குடியரசுவாதச் சோசலிஸ்ட் நப்போலியோனே கொலயான்னி, ‘சபிக்கப்பட்ட இனத்துக்காக’ என்ற நூலை அதே ஆண்டில் வெளியிட்டு மறுத்தார். சிசிலியின் குற்றங்களுக்கு வேர் நிலவுடைமையிலும் வறுமையிலும் ஆட்சியின் அநீதியிலும் இருக்கிறது, பிறப்பில் இல்லை என்பது அவர் வாதம். குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைத்த தமிழ்நாட்டுச் சமூகங்களுக்கும் ஒரு கொலயான்னி வேண்டியிருந்தது.

சார்தீனியரான மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி, 1926இல் தென்பகுதிப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பழியை நேராகவே சுமத்தினார்: தெற்கு இயற்கையிலேயே பின்தங்கியது என்ற கருத்தை வடக்குத் தொழிலாளரிடம் பரப்பியதில் சோசலிஸ்டுக் கட்சிக்கும் பங்குண்டு. பின்னர் சிறைக் குறிப்பேடுகளில், மாறாத மனித இயல்பு என்று ஒன்றில்லை, வரலாறு உருவாக்கும் சமூக உறவுகளே உண்டு என்று மார்க்சை விரித்தார்.

கட்சிக்கு வெளியே நின்ற இன்னொரு நோக்கு சமூகப் போராளி தனிலோ தோல்ச்சியுடையது. 1952இல் பலேர்மோ மாகாணத்தின் திரப்பேத்தோவில் குடியேறிய அவர் காந்திய வழியில் உண்ணாவிரதம் இருந்தார். 1956 பிப்ரவரியில் பர்த்தினிக்கோவில் வேலையற்றவர்களைத் திரட்டி, பாழடைந்த சாலையைக் கூலியின்றிச் சீரமைக்கத் தொடங்கினார். வேலை கொடுக்க ஆளில்லாதபோது வேலை செய்தே போராடும் ‘தலைகீழ் வேலைநிறுத்தம்’ அது. சிசிலியன் சோம்பேறி என்ற பேச்சுக்கு மண்வெட்டியால் தரப்பட்ட மறுப்பாகவே அதைக் கொள்ளலாம். போலீஸ் தோல்ச்சியைக் கைது செய்தது. பலேர்மோவில் நடந்த விசாரணையில், வேலை அரசியல் சட்டம் தந்த உரிமை என்று சட்ட அறிஞர் பியேரோ கலமந்த்ரேய் வாதாடினார். அப்படியும் தோல்ச்சிக்கு 50 நாள் சிறை கிடைத்தது.