பச்சிளங்குழந்தைப் பற்றுறவு: பண்பாட்டு ஒப்பாய்வுகளும் தோட்டப்புறமும்

குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே முதல் ஓரிரு ஆண்டுகளில் உருவாகும் பிணைப்பே பற்றுறவு. இதைப் பற்றிய ஜான் போல்பியின் கோட்பாட்டை மேரி ஏன்ஸ்வொர்த் உகாண்டாவிலும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் வீடு வீடாகச் சென்று கண்டு விரிவாக்கினார். அவருடைய 'புதுச்சூழல் சோதனை'யில் தாய் அறையைவிட்டு இருமுறை வெளியேறுவார். அவர் திரும்பி வரும்போது ஓராண்டுக் குழந்தை ஓடி வந்து ஒட்டிக்கொள்கிறதா, முகம் திருப்புகிறதா, அழுது முரண்டுகிறதா என்று பார்த்து வகைப்படுத்துவார்கள்.

வான் ஐசன்டோர்னும் குரூனன்பெர்க்கும் இச்சோதனையைப் பயன்படுத்திய 8 நாடுகளின் 32 ஆய்வுகளை 1988இல் தொகுத்தனர். நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு ஒன்றரை மடங்கு அதிகம். அந்த 32இல் 18 அமெரிக்காவினுடையவை. சீனாவுக்கு 36 குழந்தைகள் கொண்ட ஒரே ஆய்வு. இந்தியாவும் மலேசியாவும் அதில் இல்லை. இதைக் கொண்டு 'உலகம்' என்று பேசுவது துணிச்சல்தான். ஜப்பானின் சப்போரோவில் தக்காஹாஷி சோதித்தபோது முகம் திருப்பிய குழந்தை ஒன்றுகூட இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒன்று முரண்டியது. தாயை விட்டுப் பிரிந்தே பழகாத பிள்ளைக்குத் தனியறை பெரும் அச்சம். சோதனை அளந்தது பற்றையா, அந்த அச்சத்தையா?

மலேசியாவின் புக்கிட் பெருந்துங் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போவாள். வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகளை ஆயா ஆட்டிக்கொண்டிருப்பாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினால் பாட்டி, அத்தை, அக்கா என்று ஆளுக்கொரு இடுப்பு. இப்படி வளர்ந்த பிள்ளை தாய் போனதைப் பொருட்படுத்தாமல் விளையாடினால் ஏன்ஸ்வொர்த்தின் பால்டிமோர் அட்டவணை அதை முகம் திருப்பும் பிள்ளைகளுக்கான 'விலகும்' வகையில் சேர்த்துவிடக்கூடும். அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம்.

குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் தாயின் நுண்ணுணர்வை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட தமிழகக் குடும்ப ஆய்வில், கண்ணேறுக்கு அஞ்சித் தாய் தன் அன்பை வெளிக்காட்டாமல் அடக்குவதை விவரித்தார். தூங்கும் பிள்ளையை ஆசையோடு பார்க்கவும் தயங்கும் தாய்க்கு வெளியார் ஒருவர் எத்தனை மதிப்பெண் போடுவார்?

தோட்ட நிலங்களில் 1990களில் எழுந்த நகரம் புக்கிட் பெருந்துங். அங்கே அடுக்குமாடியில் வளரும் பிள்ளையையும் லயத்தில் வளர்ந்த பிள்ளையையும் 'மலேசிய இந்தியர்' என்ற ஒரே கட்டத்தில் அடைக்கும் ஒப்பீடு தொடக்கத்திலேயே பழுது. தோட்டப்புறத்துக்கு ஏற்ற முன்மாதிரி இஸ்ரேலின் கிப்புட்சு எனும் கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வுதான்: சாகி குழுவினர் 1985இல் வெளியிட்ட அதில் தாய், தந்தை, பராமரிப்பவள் ஆகிய மூவரோடும் குழந்தை தனித்தனியே சோதிக்கப்பட்டது.