கதவில் ஒட்டிய தாள்

லண்டனின் உள்ளாட்சிப் பிரிவுகளான பரோக்கள் பலவற்றில் வீட்டுக் கதவின் தபால் துளை வழியாக ஆண்டுக்குச் சில முறை ஒரு வண்ண இதழ் வந்து விழும். அனுப்புவது கவுன்சில், விலை கிடையாது. பூங்காவில் நடக்கவிருக்கும் கோடை விழா, நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம், குப்பை வண்டி வரும் நாளில் மாற்றம், புதுப்பித்த நீச்சல் குளத்தின் முன் மேயர் நிற்கும் படம் எல்லாம் அதில் இருக்கும். கொஞ்சம் கவனித்துப் படித்தால் ஒரு விசித்திரம் தெரியும். விழாவைப் பற்றிய செய்தி விழாவுக்கு முன்பே வந்துவிடுகிறது. எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக என்பதுவரை. தீர்மானத்தைப் பற்றிய செய்தியோ பெரும்பாலும் தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் வருகிறது. இந்த வேறுபாட்டுக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. உள்ளாட்சிச் செய்தி என்று இன்று ஒரே பெயரில் வழங்குவது இரண்டு வேறு பிறவிகள். ஒன்று, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, கூட்டத்துக்கு முன்னால் வெளியிட்டே தீரவேண்டிய அறிவிப்பு. மற்றொன்று, காரியம் முடிந்தபின் கவுன்சில் தானாக விரும்பிச் சொல்லிக்கொள்வது. குடியிருப்பவரின் கையில் கொஞ்சமாவது அதிகாரத்தைக் கொடுத்தது முதலாவதுதான். பெரிய சண்டையெல்லாம் நடந்ததோ இரண்டாவதைப் பற்றி.

பரோக்கள் உருவாவதற்கு முன் லண்டனின் உள்ளூர் ஆட்சி தேவாலயத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் 'வெஸ்ட்ரி' என்று ஒரு சபை. பாதிரியார் அங்கி அணியும் அறையில் கூடியதால் அந்தப் பெயர். தெருவைச் செப்பனிடுவது, ஏழைகளுக்கு உதவி, அதற்கான வரி ஆகியவை அங்கே முடிவாயின. 1818இல் வந்த வெஸ்ட்ரிச் சட்டம், கூட்டத்துக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக இடம், நேரம், கூடுவதன் நோக்கம் மூன்றையும் ஞாயிறு வழிபாட்டின்போது அறிவித்து, தேவாலயக் கதவிலும் ஒட்டவேண்டும் என்றது. 1837இல் இன்னொரு சட்டம் வழிபாட்டுக்கு நடுவே அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. கதவில் ஒட்டுவது மட்டும் நீடித்தது. இதை மக்களாட்சியின் விடியல் என்று கொண்டாடத் தேவையில்லை. அதே 1818 சட்டம்தான் பெரிய சொத்துக்காரருக்கு ஆறு ஓட்டு வரை கொடுத்தது. ஆனாலும் அந்தத் தாளில் 'நோக்கம்' என்று ஒன்றை எழுதவைத்தது சின்னக் காரியமில்லை. தண்டோரா போடுபவன் முடிந்துபோன ஆணையைச் சொல்லிவிட்டுப் போவான். கேட்டவன் தலையாட்டலாம், அவ்வளவுதான். கதவில் ஒட்டிய தாளோ இன்னும் முடியாத ஒன்றைச் சொன்னது. வரி உயர்வை எதிர்க்க நினைத்தவனுக்கு ஆள் திரட்ட மூன்று நாள் கிடைத்தது.

1855இல் பத்திரிகைகள் மீதான முத்திரை வரி நீங்கியதும் இந்த வேலையில் பெரும்பகுதி உள்ளூர் இதழ்களின் கைக்குப் போனது. கிழக்கு லண்டன் அப்சர்வர் 1857இலும், ஹாக்னி கெஸட் 1864இலும், சௌத் லண்டன் பிரஸ் 1865இலும் தொடங்கின. 1899 சட்டம் லண்டனை 28 பரோக்களாகப் பிரித்தபோது அவற்றின் கூட்டங்களில் நிருபர் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய வழக்கமாகியிருந்தது. அது வழக்கம் மட்டுமே, உரிமை அல்ல என்பது 1908இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வேல்ஸின் சிறு கடற்கரை ஊரான டென்பியில் நகர மன்றம் தனக்குப் பிடிக்காத உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரை வெளியே அனுப்பியது, வழக்கு நடந்தது, மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். அதே ஆண்டில் நாடாளுமன்றம் பத்திரிகையாளருக்கு அனுமதி தரும் சட்டத்தை நிறைவேற்றியது. கவுன்சில்களும் சும்மா இருக்கவில்லை. சட்டம் 'மன்றக் கூட்டம்' என்கிறது, சரி. இப்போது நாங்கள் எல்லோரும் 'குழு'வாகக் கூடுகிறோம் என்று கதவைச் சாத்திக்கொண்டன. அதே ஆட்கள், அதே அறை, பெயர் மட்டும் வேறு. 1950களின் கடைசியில் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது சில தொழிற்கட்சிக் கவுன்சில்கள், வேலைநிறுத்தத்தை மீறி வெளிவந்த பத்திரிகைகளுக்குக் கதவை மூடின. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். கொண்டுவந்தவர் ஃபின்ச்லியிலிருந்து புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே இதைப் பற்றித்தான். நிருபரோடு சேர்த்துச் சாதாரணக் குடிமகனுக்கும் பார்வையாளர் இருக்கையில் இடம் உறுதியானது அப்போதுதான். 1972 சட்டம் குழுக்களையும், 1985 சட்டம் துணைக்குழுக்களையும் திறந்தன. அஜெண்டாவும் அறிக்கைகளும் மூன்று நாள் முன்பே மக்கள் பார்வைக்கு வரவேண்டும் என்றும் 1985 சட்டம் விதித்தது. பின்னாளில் அது ஐந்து வேலைநாள் ஆயிற்று. மூன்று நாள், நோக்கம்: 1818இன் கதவுத்தாள் அப்படியே திரும்பி வந்ததுபோல.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. கவுன்சில் தானாக விரும்பிச் சொல்வதெல்லாம் வெறும் தற்புகழ்ச்சியா? பெர்மண்ட்சியைப் பார் என்பார்கள்; பார்க்கத்தான் வேண்டும். தேம்ஸின் தென்கரையில் தோல் பதனிடும் கூடங்களும் பிஸ்கட், ஜாம் தொழிற்சாலைகளும் துறைமுகக் கூலிகளும் நெருங்கிக் கிடந்த அந்தப் பரோவில் காசநோய் வீட்டுக்கு வீடு இருந்தது. 1922இல் தொழிற்கட்சி அங்கே ஆட்சியைப் பிடித்தது. ஏடா சால்ட்டர் மேயரானார், லண்டனின் முதல் பெண் மேயர். மறு ஆண்டிலிருந்து சுகாதாரத் துறையே சினிமா எடுக்கத் தொடங்கியது. 1953 வரை ஏறத்தாழ 30 படங்கள், பெரும்பாலும் ஊமைப்படங்கள். பின்புறம் திரை பொருத்திய வண்டி மாலையில் தெருமுனைக்கு வரும், தெருவே கொட்டகையாகிவிடும், பல் துலக்குவது, குழந்தையை வளர்ப்பது, சோப்பின் அருமை எல்லாம் படமாக ஓட, பக்கத்தில் நின்று சுகாதாரத் துறை ஆள் விளக்குவார். ஐரோப்பாவின் எந்த நகராட்சியும் அன்று வைத்துக்கொண்டு பெருமைப்பட்டிருக்கக்கூடிய ஏற்பாடு. அதைப் பிரசாரம் என்று ஒதுக்குவது அநியாயம். பெர்மண்ட்சி அதற்குப் பிரசாரம் என்றே பெயர் வைத்திருந்தது. அன்று அந்தச் சொல்லுக்கு இன்றைய கெட்ட வாடை இல்லை. ஆனால் அந்தப் படங்கள் எதைச் சொல்லின என்பதையும் கவனிக்கவேண்டும். மக்கள் மறுநாள் காலை தங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியதைச் சொல்லின. காரியம் நடப்பதற்கு முன்னால் வந்த செய்தி அது. அதே வண்டி 1931 வாக்கில் 'பெர்மண்ட்சி பரோ கவுன்சிலின் சில பணிகள்' என்ற பொருளில் இன்னொரு படத்தையும் காட்டியது: கவுன்சில் தெருவைக் கூட்டுகிறது, கவுன்சில் குளியல் கூடம் கட்டுகிறது, கவுன்சில் மரம் நடுகிறது. திரை ஒன்றுதான், வண்டி ஒன்றுதான். இரண்டுக்கும் இடையிலான கோடு எங்கே கடக்கப்பட்டது என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கோட்டை ஊரறியக் கடந்தது லண்டன் முழுமைக்குமான பெரு லண்டன் கவுன்சில். தாட்சர் அரசு அதைக் கலைக்கப்போவதாக 1983 தேர்தல் அறிக்கையில் சொன்னது. கென் லிவிங்ஸ்டன் தலைமையில் கவுன்சில் மக்கள் பணத்திலேயே எதிர்ப்பு விளம்பரம் நடத்தியது. நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையிலிருந்த தன் கட்டடத்தின் முகப்பில் லண்டனின் வேலையில்லாதோர் எண்ணிக்கையை ராட்சத எழுத்தில் தொங்கவிட்டது. ஆளும் கட்சியின் ஜன்னலுக்கு நேரே தொங்கிய அந்த எண்ணை ரசிக்காமல் இருப்பது கடினம். அதற்கான செலவை வரி கட்டியவர்களில் பாதிப் பேர் விரும்பியிருக்கமாட்டார்கள் என்பதையும் மறுக்கமுடியாது. 1986இல் கவுன்சில் கலைந்தது. அரசியல் கட்சிக்கு ஆதரவு தேடும் உள்ளாட்சி விளம்பரத்தை அதே ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. இந்த இடத்தில் முரணான ஒன்று நடந்தது. தகவல் பெறும் உரிமையை விரித்த 1985 சட்டத்தை யாரும் பேசவில்லை. விளம்பரத்தைச் சுருக்கிய 1986 சட்டத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள்.

பின்னர் வந்தவை பரோக்களின் வார இதழ்கள். டவர் ஹாம்லெட்ஸின் ஈஸ்ட் எண்ட் லைஃப் வீடுதோறும் இலவசமாகப் போனது; வங்காளியிலும் சோமாலியிலும் பக்கங்கள் வைத்திருந்தது. கிரீனிச் டைம் வாரம்தோறும், ஹாக்னி டுடே இரு வாரத்துக்கு ஒருமுறை. உள்ளூர்ப் பத்திரிகைகள் கொதித்தன, காரணம் பணம். கட்டட அனுமதி, சாலை மாற்றம் போன்றவற்றுக்குப் பத்திரிகையில் பொது அறிவிப்பு வெளியிட்டாகவேண்டும் என்பது சட்டம். அந்தக் கட்டணம் சிறு இதழ்களுக்கு உயிர்மூச்சு. கவுன்சிலே இதழ் நடத்தினால் அறிவிப்பு அங்கே போய்விடும். அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் இவற்றை, சோவியத் கட்சிப் பத்திரிகையின் பெயரால், 'நகர மன்றப் பிராவ்தா' என்று கிண்டலடித்தார். 2011 விதிமுறை, கவுன்சில் இதழ் காலாண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்றது. 2014 சட்டம் அதை வற்புறுத்தும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்தது. கிரீனிச் டைமும் ஈஸ்ட் எண்ட் லைஃபும் 2016இல் நின்றன. ஹாக்னி நீதிமன்றம் வரை போய் 2019இல் தோற்றது.

இந்தத் தடையை ஆதரிப்பவர்களின் வாதம் எளிது: ஆட்சியில் இருப்பவரே செய்தியாளராகவும் இருக்கக்கூடாது. கொள்கையளவில் சரிதான். ஆனால் அந்த விதிமுறை எதை அளந்தது? இதழ் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறது என்பதை. அதில் வருவது முன்செய்தியா பின்செய்தியா என்பதைக் கேட்கவே இல்லை. வாரம்தோறும் வந்தபோது, அடுத்த வாரக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அந்த இதழ்களுக்குக் குறைந்தபட்சம் வாய்ப்பாவது இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழ் நினைத்தாலும் அதைச் செய்யமுடியாது. அஜெண்டா வெளிவருவதே ஐந்து வேலைநாள் முன்பு. ஆக, பிரசாரத்தைத் தடுக்கிறோம் என்று போட்ட விதி இதழ்களை முழுப் பிரசாரமாகவே ஆக்கிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைகளாவது பிழைத்தனவா என்றால், அவற்றின் சிறு விளம்பரங்களை விழுங்கியது கவுன்சில் அல்ல, இணையம். வீடு, வேலை, பழைய கார் விளம்பரங்கள் போனபின் நிருபரை அனுப்பக் காசில்லை. 2017க்குப் பின் பிபிசி தன் உரிமக் கட்டணத்திலிருந்து 150 நிருபர்களுக்குச் சம்பளம் கொடுத்து நாடு முழுதும் கவுன்சில் கூட்டங்களுக்கு அனுப்பத் தொடங்கியது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

அறிவிப்புத் தாளை யார் படிக்கிறார்கள், கோடை விழாப் படம் இருந்தால்தானே இதழைப் புரட்டுவார்கள் என்ற கேள்வியும் உண்டு. விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டியிருக்கும் கட்டட அனுமதி அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தாலும் போதாது. ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அது இன்னும் தூரம். ஆனால் இது அறிவிப்பின் நடையைப் பற்றிய குறை, அறிவிப்பைப் பற்றியதல்ல. விழாவுக்கு அழைக்கத் தெரிந்த அதே கை, அதே எளிய சொல்லில் கூட்டத்துக்கும் அழைக்கலாம். விழாக்களை இகழ்வதற்கில்லை; பிராக்வெல் பூங்காவில் 1974இல் தொடங்கிய லாம்பெத் கண்ட்ரி ஷோ போன்றவை அயலாரை அயலாருக்கு அறிமுகப்படுத்துகின்றன. அந்த அழைப்புக்குப் பக்கத்தில் அந்த மாதம் எதெல்லாம் முடிவாகப்போகிறது என்று நான்கு வரி இருந்தால் போதும். அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கென்சிங்டன் செல்சி பரோவில் கிரென்ஃபெல் அடுக்ககத்தின் குடியிருப்பாளர் குழு, பெரும் விபத்து ஒன்று நேரும் என்று 2016 நவம்பரிலேயே இணையத்தில் எழுதி வைத்திருந்தது. அதை எடுத்துத் துருவிக் கேட்க அந்தப் பரோவில் வலுவான உள்ளூர் இதழ் இல்லை. 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீயில் 72 பேர் இறந்தார்கள். ஜூன் 29 மாலை, தீவிபத்துக்குப் பின் கூடிய முதல் கூட்டத்துக்கு மக்களும் நிருபர்களும் வரக்கூடாது என்று கவுன்சில் முடிவுசெய்தது. பத்திரிகைகள் நீதிமன்றத்துக்கு ஓடி, நிருபர்களை அனுமதிக்கும்படி உத்தரவு வாங்கி வந்தன. நிருபர்கள் உள்ளே வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் கவுன்சில் தலைவர் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். மறுநாள் பதவி விலகினார்.