கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை: சத்து மாத்திரையை எப்படி சாப்பிடணும்?

காரைக்குடி பக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு முருங்கைக்கீரை, சுவரொட்டி என்று வீட்டில் பார்த்துப் பார்த்து சமைத்துக் கொடுப்பார்கள். அப்படியும் ஏன் ரத்தம் ஏறவில்லை? தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 48.3 சதவீத கர்ப்பிணிகளுக்கு, அதாவது கிட்டத்தட்ட இரண்டில் ஒருவருக்கு, ரத்தசோகை இருக்கிறது.

அளவு எவ்வளவு?
ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் தீவிரம், உடனே ஆஸ்பத்திரி போகணும்.

என்ன ஆபத்து?
பிரசவத்தில் ஏற்படும் ரத்த இழப்பை தாயின் உடம்பு தாங்காது. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்ற சிக்கல்களும் வரலாம்.

சாப்பாடு மட்டும் போதாதா?
போதாது. தாயின் ரத்த அளவு கூடுகிறது, குழந்தைக்கும் இரும்புச்சத்து போகிறது. அதனால்தான் 4-வது மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, குறைந்தது 180 நாள். அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பி12 குறைந்தாலும் ரத்தசோகை வரும். சுத்த சைவம் என்றால் டாக்டரிடம் கேளுங்க.

கவனிக்க வேண்டியவை
* டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.
* கால்சியம் மாத்திரையை 2 மணி நேரம் தள்ளிப் போடுங்க.
* எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இரும்புச்சத்து சேர உதவும்.
* மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது இரும்பின் நிறம்.
* குமட்டல், மலச்சிக்கல் என்றால் நீங்களாக நிறுத்தாதீங்க. நர்ஸிடம் சொல்லுங்க.

மாத்திரையில் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். அதை டாக்டர்தான் முடிவு செய்யணும்.